ள ஆகிப்போன ல

இராஜகுமாரி தட்டெழுத்துப் பழகியது பதினெட்டு வயதில். அப்பா அந்த வருடம்தான் இறந்திருந்தார். உயர்தரப் பரீட்சை எழுதாமலேயே, ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து தினமும் காலையில் கண்டி நகரத்துக்கு இறங்கி, ஒரு மாடி வகுப்பில் தமிழும் சிங்களமும் அடிக்கப் பழகினாள். ஆறு மாதத்தில் ஒரு சட்டத்தரணியின் காரியாலயத்தில் வேலை கிடைத்தது.

அங்கே போன முதல் வாரம் ஒரு கடிதத்தில் 'பல்லிக்கூடம்' என்று அடித்துவிட்டாள். தலைமை எழுதுவினைஞர் பருத்தித்துறைக்காரர். அவர் அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"பிள்ளை, பல்லி சுவரிலை ஓடுறது. பள்ளிக்கூடத்திலைதான் பிள்ளையள் படிக்கிறது. தோட்டத்திலை ரெண்டும் ஒண்டோ?"

காரியாலயமே சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள். அன்று மாலையே புத்தகக் கடைக்குப் போய் ஓர் அகராதி வாங்கினாள். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அதைக் கதைப் புத்தகம் போல வாசித்தாள். இரண்டு வருடம் கழித்து அதே மனிதர் தன்னுடைய கடிதங்களை அவளிடம் கொடுத்து, "ஒருக்கா எழுத்துப் பிழை பார்த்துத் தா, பிள்ளை" என்று கேட்கும் நிலைமை வந்தது.

முப்பத்தெட்டு வயதில் அவள் சொந்தமாகத் தொழில் தொடங்கினாள். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பின்னால், சப்னா ராத்தாவின் தையல் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. ஒரு மேசைக் கணினி, ஒரு பிரிண்டர், இரண்டு கதிரை. கல்யாணப் பத்திரிகை, பாடசாலை வினாத்தாள், மனு, மரண அறிவித்தல் என்று வருவதையெல்லாம் அடித்தாள். இராஜியிடம் கொடுத்தால் திரும்ப வாசித்துப் பார்க்கத் தேவையில்லை என்று ஆட்கள் சொல்வார்கள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நகரத்து ஓரத்தில் வாடகை வீட்டில் தங்கை கலாராணியோடு இருந்தாள். அவளுக்கென்று இருந்த பெருமை ஆட்கள் சொல்லும் அந்த ஒரு பேச்சுத்தான்.

நாற்பத்தாறாவது வயதில் அந்தப் பெருமை போயிற்று.

ஒரு மழைக்காலத்தில் ஹந்தானையின் மேல் பிரிவில் மண் சரிந்து இரண்டு லயங்கள் அடிபட்டுப் போயின. மற்ற லயங்களிலும் சுவர் வெடித்தது. அங்கிருந்தவர்களை வேறு இடத்தில் குடியேற்ற வீடு கட்டுவதாகத் தீர்மானமாகி, மாவட்ட அரச காரியாலயமான கச்சேரியிலிருந்து குடும்பங்களின் பட்டியல் கேட்டார்கள். தோட்டத்தில் ஒரு குடியிருப்புக் குழு அமைந்தது. அதன் செயலாளர் அஜந்தன். அதே தோட்டத்தில் பிறந்து, நகரத்தில் உத்தியோகம் பார்ப்பவன். கையால் நிரப்பிய நானூற்றுப் பன்னிரண்டு படிவங்களை அவன் உரப்பையில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்து அவளுடைய மேசையில் வைத்தான்.

"வேற யாருகிட்டயும் குடுக்க எனக்கு மனசில்லக்கா. பேரு, அடையாள அட்டை நம்பர், எத்தன பேரு. இவ்வளவுதான். ஆனா ஒண்ணும் தப்பக்கூடாது."

"எங்க ஆளுங்க பேரு. நா தப்பா அடிப்பேனா?" என்றாள் அவள்.

ஒன்பது நாள் அடித்தாள். முழுவதையும் அச்செடுத்து, ஒவ்வொரு வரியையும் படிவத்தோடு வைத்துப் பார்த்து, சிவப்புப் பேனையால் சரி போட்டாள். பிழையாக இருந்த மூன்று இடங்களைத் திருத்தினாள். மறுநாள் அஜந்தன் போன் எடுத்து, பிரிவு வாரியாகப் பிரித்துத் தர வேண்டுமாம், இன்றைக்கே வேண்டுமாம் என்றான். அவள் கோப்பைத் திறந்து, வரிகளைப் பிரிவு வாரியாக அடுக்கி, சேமித்து, அச்செடுத்துக் கொடுத்தாள். பெயர்களிலோ இலக்கங்களிலோ கை வைக்கவில்லை. ஆகவே இரண்டாம் முறை வாசித்துப் பார்க்கவில்லை.

ஏழு வாரம் கழித்து அஜந்தன் வந்தான். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. பட்டியலை அவளுக்கு முன்னால் விரித்தான். பத்தொன்பது இடத்தில் மஞ்சள் பூசியிருந்தது.

நல்லம்மா, 'நள்லம்மா' ஆகியிருந்தாள். மாரியாயி, 'மாறியாயி' ஆகியிருந்தாள். மூக்காயி என்ற பெயர் 'யூக்காயி' என்று கிடந்தது. அதைப் பார்த்துக் கச்சேரியில் சிரித்தார்களாம். பெயர்ப் பிழையையாவது பேசிச் சரிக்கட்டலாம். ஒன்பது குடும்பங்களுக்கு அடையாள அட்டை இலக்கத்தில் ஓர் எண் பிழைத்திருந்தது. அப்படி ஓர் ஆளே இல்லை என்று அந்த ஒன்பது பேரையும் வெட்டிவிட்டார்கள்.

"என்னக்கா இது? ஒங்கள நம்பித்தானே குடுத்தேன்."

அவள் எழுந்து போய் அலுமாரியைத் திறந்து, சிவப்புச் சரி போட்ட முதல் பிரதியை எடுத்தாள். அதில் நல்லம்மா நல்லம்மாவாகவே இருந்தாள். ஒன்பது இலக்கமும் சரியாக இருந்தன. அஜந்தன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்ப பெறகு யாரு மாத்துனது?"

"யாரும் மாத்தல தம்பி. இந்த அறைக்கு என்னைத் தவிர வேற ஆள் வர்றதில்ல."

"அப்ப நீங்கதான் மாத்தியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு அவன் படியிறங்கினான்.

செய்தி தோட்டத்துக்கும் போயிற்று, நகரத்துக்கும் வந்தது. வினாத்தாள் கொடுக்கும் பாடசாலையிலிருந்து அந்தத் தவணை யாரும் வரவில்லை. அவளுக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று பிடித்தது. தான் தொட்டது தனக்கே தெரியாமல் போகிறதோ என்ற பயம். அடுப்பை அணைத்தோமா என்று இரண்டு தடவை திரும்பிப் போய்ப் பார்த்தாள். கலாராணி பிடிவாதமாகக் கண் சிகிச்சை நிலையத்துக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் மருந்து விட்டுப் பார்த்து, கண்ணில் ஒரு குறையும் இல்லை, வயதுக்கு ஏற்ற வாசிப்புக் கண்ணாடி போதும் என்றார். அதைக் கேட்டு வெளியே வந்தவள் வாங்கில் உட்கார்ந்து அழுதாள். கண்ணில் பிழை இருந்திருந்தால் நல்லதென்று அவள் நினைத்திருந்தாள்.

கணினியும் அந்த மாதங்களில் சரியாக இல்லை. அடித்துக்கொண்டிருக்கும்போதே இறுகி நின்றுவிடும். சில நாள் திரை நீலமாகித் தானாகவே அணைந்து எரியும். பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் கொடுத்தாள். வைரஸ் என்று சொல்லி எல்லாவற்றையும் அழித்து மறுபடி ஏற்றித் தந்தார்கள். நாலாம் நாள் திரும்பவும் நீலம். இரண்டு கோளாறுக்கும் ஒரு தொடர்பு இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மெஷின் நின்றால் நிற்கும், அது போய் எழுத்தை மாற்றுமா?

சப்னா ராத்தாதான் சொன்னார். "எங்கட மச்சான்ட மகன் ரிஸ்மி கடுகண்ணாவையில கடை வெச்சீக்கிறான். அவன் அவசரப்பட மாட்டான். ஒருக்கா கொண்டு போய்க் காட்டுங்களே."

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கணினிப் பெட்டியைப் பழைய சேலையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ரிஸ்மியின் கடை பிரதான வீதியில், ஒரு பழக்கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே ஒடுக்கமாக இருந்தது. முப்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசாதவன். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே பார்த்தான்.

"எப்பயிலேந்து இப்பிடி?"

"நாலஞ்சு மாசம் இருக்கும் தம்பி."

"அதுக்கு முந்தி என்னவாவது புதுசாப் போட்டீங்களா?"

அவள் யோசித்தாள். வேகம் போதவில்லை என்று ஒரு கடையில் சொல்லி, ஆட்கள் பாவித்த ரேம், அதாவது நினைவகப் பலகை, ஒன்றை வாங்கிக் கூடுதலாகப் போட்டது ஞாபகம் வந்தது. பட்டியல் வேலைக்கு இரண்டு வாரம் முன்னால்.

ரிஸ்மி தலையை ஆட்டினான். வன்தட்டைச் சோதித்தான். அது நன்றாக இருந்தது. மின்சாரம் சரியான அளவில் வருகிறதா என்று பார்த்தான். அதுவும் சரி. பிறகு ஒரு பென் டிரைவைச் செருகி, கணினியை அதிலிருந்து தொடக்கினான். திரையில் எண்கள் ஓடத் தொடங்கின.

"இது ரேமைப் பாக்குற டெஸ்ட், அக்கா. ஒவ்வொரு இடத்துலயும் ஒண்ண எழுதி, திரும்ப வாசிச்சுப் பாக்கும். எழுதினதே வந்தா நல்லது. ஒரு சுத்துல புடிபடாது. சூடேறணும். நீங்க போயிட்டு நாளைக்கு வாங்களேன்."

"பரவாயில்ல தம்பி. நா இருக்கேன்."

அவள் மூலையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள். முதல் சுற்று முடிய ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. பிழை ஒன்றும் இல்லை. மெஷின் நல்லது என்றால் பிழை யாரில்? ரிஸ்மி அதைத் தொடர்ந்து ஓட விட்டான். வெளியே லொறிகள் கணவாய் ஏற்றத்தில் உறுமிக்கொண்டு போயின. இரண்டாவது சுற்றின் நடுவில் திரையின் கீழ்ப்பகுதியில் ஒரு சிவப்பு வரி விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பிறகு ஐந்தாறு சேர்ந்தாற்போல.

"ஆ, பிழை ஈக்கி" என்றான் ரிஸ்மி.

கணினியை அணைத்தான். இரண்டு ரேம் பலகைகளையும் கழற்றி, அவற்றின் மஞ்சள் விளிம்பை இரப்பரால் துடைத்தான். அழுக்கால் வந்த பிழையாகவும் இருக்கலாம் என்றான். கணினியோடு முதலிலேயே வந்த பலகையை மட்டும் போட்டுச் சோதித்தான். மூன்று சுற்றுக்கும் சுத்தமாக இருந்தது. பிறகு அவள் கூடுதலாக வாங்கிய பலகையை மட்டும், அதே குழியில் செருகினான். சூடேறியதும் சிவப்பு வரிகள் வந்தன. குழியில் குறையிருக்கலாம் என்று அடுத்த குழியில் மாற்றிப் போட்டான். அங்கேயும் வந்தன. இதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

"இந்தப் பலகைதான். மதர்போர்டுல பிழை இல்ல. இதுல சில எடங்கள் பழுது."

அவள் எழுந்து திரைக்குக் கிட்டப் போனாள்.

"என்ன பழுதுன்னு சொல்ல ஏலுமா தம்பி?"

"இந்த வரியப் பாருங்க. பூச்சியம் எழுதினா, ஒண்டு எண்டு திரும்பி வருது."

"ஒண்ணு எழுதினா?"

"ஒண்டு ஒண்டாத்தான் வருது. அதுல பிழை இல்ல. பூச்சியம்தான் நிக்கிதில்ல."

இராஜகுமாரி கைப்பையிலிருந்து அஜந்தன் விட்டுப்போன பட்டியலை எடுத்தாள். எத்தனையோ நாளாக அதை வைத்துக்கொண்டு பார்த்தவள். ஒரு விஷயம் அவள் மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. மாறிய இடங்களில் ல, ள ஆகியிருந்தது. ஆனால் ஓரிடத்திலும் ள, ல ஆகவில்லை. 2 மூன்றாகியிருந்தது, 6 ஏழாகியிருந்தது, 8 ஒன்பதாகியிருந்தது. மூன்று எங்கேயும் இரண்டாகவில்லை. கை தடுமாறுகிறவள் என்றால் இரண்டு பக்கமும் தடுமாற வேண்டாமா? அதை யாரிடம் கேட்பதென்று தெரியாமல் இருந்தாள்.

பட்டியலைப் பிரிவு வாரியாக அடுக்கிக் கொடுத்ததையும் சொல்லி, ரிஸ்மியிடம் கேட்டாள். அவன் பட்டியலை வாங்கி வெகு நேரம் பார்த்தான். போனில் எதையோ தேடினான்.

"அக்கா, கம்பியூட்டருக்கு எழுத்துத் தெரியாது. இலக்கம்தான் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு இலக்கம் ஈக்கி. லவுக்கு ரெண்டாயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூத்தி நாலு. அதுக்கு அடுத்தது தொண்ணூத்தஞ்சு. அதுதான் ள." போனைத் திருப்பிக் காட்டினான். "ரவுக்கு அடுத்தது ற. மவுக்கு அடுத்தது ய. எல்லாம் ரெட்டை இலக்கம். கடைசிப் பூச்சியம் ஒண்டாப் போனா ஒத்தையாப் போகும். ஒத்தை இலக்கம் மாறாது. அதுக்குக் கடைசியில முந்தியே ஒண்டுதான்."

அவள் பத்தொன்பது பிழையையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டினான். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"நீங்க வரிகளை அடுக்கக் கோப்பைத் திறந்தீங்களே, அந்த நேரம் சில எழுத்துகள் போய் இந்தப் பழுது எடத்துல குந்தியிருக்கும். மாறினதோட சேமிச்சுட்டீங்க. உங்கட கையில பிழை இல்லக்கா."

அவள் அழவில்லை. கதிரையில் திரும்பப் போய் உட்கார்ந்து, "ஆனா நா ரெண்டாவது தடவ வாசிக்கல தம்பி" என்றாள். ரிஸ்மி பழுதான பலகையை ஒரு கடதாசி உறையில் போட்டு, பிழை வரிகளைப் படம் எடுத்து அச்சடித்துக் கொடுத்தான்.

மறுநாளே அஜந்தனைத் தேடிப் போனாள். அவன் அச்சடித்த படத்தைப் பார்த்தான், முதல் பிரதியைப் பார்த்தான், அவள் சொன்னதைப் பாதி கேட்டான்.

"மெஷினுக்கு ல, ள தெரியுமாக்கா? நீங்க சொல்றத நா நம்பறேன்னே வச்சிக்குவோம். கச்சேரியில போயி இத நா எப்புடிச் சொல்றது?"

ஆனாலும் அவன் போனான். இரண்டு தடவை போனான். அவளும் ஒரு தடவை அவனோடு போனாள். அங்கிருந்த பெண் உத்தியோகத்தர் சந்திரிகா நல்ல மனுஷிதான். படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, பட்டியல் கையெழுத்தாகி மேலே போய்விட்டது, இனித் திறக்க முடியாது என்று சிங்களத்தில் மெதுவாக எடுத்துச் சொன்னார். மேன்முறையீடு போட்டால் ஒதுக்கியதில் மிஞ்சும் வீடுகளுக்குச் சேர்த்துப் பார்க்கலாம் என்றார். இராஜகுமாரி ஒன்பது பேருக்கும் ஒன்பது மேன்முறையீட்டை உட்கார்ந்து கையாலேயே எழுதினாள். ஐந்து பேருக்கு வீடு கிடைத்தது. நாலு பேருக்கு வீடு மிஞ்சவில்லை.

அந்த நாலு வீட்டுக்கும் அவள் தானே போய்ச் சொன்னாள். கடைசியாகப் போனது காம்பரா என்னும் கறுப்பையாவின் லய அறைக்கு. அவள் அப்பாவோடு காலையில் ஒரே பெரட்டு வரிசையில் நின்று வேலைக்குப் போனவர். பின்சுவர் கூரையிலிருந்து தரைவரை வெடித்து, வெடிப்புக்குள் சீமெந்துப் பை திணித்திருந்தது. கறுப்பையா கட்டிலில் இருந்தார். அவர் மனைவி பாலம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வரவில்லை.

அவள் எல்லாவற்றையும் விளக்கினாள். ரேம், சூடு, பூச்சியம், ஒன்று. சொல்லச் சொல்ல, தான் பேசுவது சாக்குப் போலத் தனக்கே கேட்டது.

பாலம்மா உள்ளேயிருந்து சொன்னாள். "மெஷினு பண்ணிருச்சுங்கிற. சரி. மழ பேஞ்சா இந்தச் செவுத்துக்குக் கீழ அந்த மெஷினு வந்து படுக்குமா?"

"அத்தை, நா ரெண்டாவது தடவ வாசிச்சுப் பாத்திருக்கணும். அது என் பிழைதான்."

"நீ ஒத்துக்கிட்டா செவுரு ஒட்டிக்குமா?"

கறுப்பையா கையை உயர்த்தி மனைவியை அடக்கினார். "விடு புள்ள. என் பேரு பொறப்புப் பத்திரத்துல ஒரு மாதிரி, அட்டையில ஒரு மாதிரி, சேமலாப நிதியில இன்னொரு மாதிரி. அதெல்லாம் மெஷினா எழுதுச்சு? மனுஷந்தான எழுதுனான். ஒருத்தன் வந்து தப்புன்னு சொன்னானா? பாப்பா வந்து சொல்லுது." பிறகு அவளைப் பார்த்து, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ பாப்பா" என்றார்.

பாலம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். முகம் பார்க்கவில்லை.

ஐப்பசி மழையில் அந்த லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். வீடு கிடைத்தவர்கள் அரைகுறையாகக் கட்டிய புது வீடுகளுக்கே போய்விட்டார்கள். கறுப்பையாவும் பாலம்மாவும் பாடசாலை மண்டபத்தில் மூன்று வாரம் கிடந்தார்கள். ஈரத் தரையில் அவருக்கு நெஞ்சுச் சளி கட்டியது. பிறகு தெல்தெனியவில் மகள் வாடகைக்கு இருந்த ஒற்றை அறைக்குப் போனார்கள்.

இராஜகுமாரியின் கணினி இப்போது ஒரு நாளும் நிற்பதில்லை. அவள்தான் முன்னைப் போல இல்லை. எதை அடித்தாலும், கடைசி அச்சை எடுத்துக் கலாராணியைப் பக்கத்தில் இருத்தி, ஒருத்தி மூலத்தை வாசிக்க மற்றவள் எழுத்தெழுத்தாகப் பார்ப்பாள். ஒரு நாள் வேலை மூன்று நாளாகிறது. அவசரக்காரர்கள் வேறு இடத்துக்குப் போகிறார்கள். சில ஆட்களிடம் நடந்ததைச் சொல்லிப் பார்த்தாள். கேட்கிறவர்கள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வருவதைக் கண்டபின் சொல்வதை விட்டுவிட்டாள்.

நாலு பேரையும் அடுத்த கட்டத்தில் சேர்க்கச் சொல்லி அவள் விடாமல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். தை மாதம் கறுப்பையாவின் விஷயமாக ஒரு பதில் அவளுடைய அறைக்கே வந்தது. விண்ணப்பதாரி இப்போது அந்தப் பிரிவில் வசிக்காத காரணத்தால் விண்ணப்பம் முடிவுறுத்தப்படுகிறது என்று இருந்தது. அதைக் கலாராணியிடம்கூடக் காட்டாமல், அன்று மத்தியானமே தெல்தெனிய பஸ்ஸில் ஏறினாள்.

மகள் வேலைக்குப் போயிருந்தாள். கறுப்பையா வாசலில் கம்பளி போர்த்தி வெயிலில் இருந்தார். பாதி உடம்பாகியிருந்தார். அவள் கடிதத்தை வாசித்து, அர்த்தம் சொன்னாள். பாலம்மா கொடியில் கிடந்த துணியை எடுத்து, காயாததையும் சேர்த்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, இந்தப் பிரிவிலயிருந்து புதுசா ஒண்ணு போடலாம். இங்க ஒரு கிராம சேவகர் இருப்பாரு. நா எழுதித் தாறேன். நீங்க கையெழுத்து மட்டும் வைங்க." பையைத் திறந்து தாளையும் பேனையையும் எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

கறுப்பையா இருமல் அடங்கும்வரை காத்திருந்தார்.

"வேணாம் பாப்பா. இனி என் பேர எங்கயும் எழுதாத."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவள் தாளையும் பேனையையும் திரும்பப் பைக்குள் வைத்தாள். பிறகு பாலம்மாவோடு போய், கொடியில் மிச்சமிருந்த துணிகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். கண்டிக்கு நாலரை மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது.